ஏதில் பிணம்

புறநானூற்றின் 278ஆம் பாட்டைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெண். மகன் போரில் புறமுதுகு காட்டினான் என்று ஊர் சொல்லக் கேட்ட கிழவி, வாளோடு களத்துக்குப் போய், விழுந்து கிடப்பவர்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். வீரத்தாய் என்று மேடைதோறும் முழங்கித் தேய்ந்துபோன பாட்டு. மார்பை அறுத்தெறிவேன் என்ற சூளுரையைத் தாண்டிப் பேசுகிறவர்கள் குறைவு. வகுப்பில் நான் நின்றுவிடுவது இரண்டு சொற்களில். அவள் புரட்டிப் போடுகிற மற்றவர்கள் 'படுபிணம்'. சிதைந்து வேறு வேறாகக் கிடக்கிற அவன் 'படுமகன்'. 'படு' இருவருக்கும் பொது. ஆனால் உருக்குலைந்த பிறகும் அவன்மேல் பிணம் என்ற சொல் ஒட்டவில்லை. புரட்டப்பட்ட அந்த மற்றவர்களுக்கும் தாய்மார் இருந்திருப்பார்கள். பாட்டு அதைப் பேசவில்லை.

புதுச்சேரித் தெருவில் ஒரு சாவுக்குப் போனாலும் இதுதான். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆண்கள் "எப்ப எடுக்குறாங்க?" என்பார்கள்; எதை என்று சொல்வதில்லை. உள்ளே ஒப்பாரி வைக்கும் பெண்கள் 'என்னப் பெத்தாரே', 'ராசாவே' என்று முறை சொல்லித்தான் அழுகிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் 'பாடி'. தலைவர்களுக்குப் 'பூதவுடல்'. ஈழத்தில் களத்தில் மாண்ட புலிகளுக்கு 'வித்துடல்'. அவர்களைப் புதைக்கவில்லை, விதைத்தார்கள். காவல்துறைக் காகிதத்தில் வரும் 'பிரேதம்' வடமொழியில் 'போய்விட்டவர்' என்று பொருள்படும். எத்தனை மென்மையான சொல், எந்தக் காகிதத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது!

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் காணாமல்போன சிறுமி வாய்க்காலில் கண்டெடுக்கப்பட்டபோது, செய்திகளில் வழக்கமான தொடரே வந்தது: 'சடலமாக மீட்பு'. சடலம் நாற்றம் போக்கிய சொல். பிணம் என்று எழுதக் கை கூசுகிறவர்களுக்கு உதவுகிறது. அதில் எனக்குச் சண்டையில்லை. 'மீட்பு' என்பதுதான் உறுத்துகிறது. எதிலிருந்து மீட்டார்கள்? தவறவிட்டவர்கள் எல்லாரையும் அந்த ஒரு சொல் காப்பாற்றியவர்களாக்கிவிடுகிறது.

செத்த பெண்ணுக்கு இத்தனை இடக்கரடக்கல் பார்க்கிற மொழி, உயிரோடிருப்பவளைப் பிணம் என்று சொல்லத் தயங்குவதில்லை. குறளின் 'வரைவின் மகளிர்' அதிகாரத்தில் 913ஆம் குறள், பொருளுக்காகத் தழுவும் பெண்ணின் பொய்த் தழுவலை, இருட்டறையில் 'ஏதில் பிணம்' தழுவுவதற்கு ஒப்பிடுகிறது. ஏதில் என்றால் உறவில்லாத, அயலான. இதைச் சொல்லிக்கொடுக்கும்போது பெரும்பாலும் அவளையே பிணமாக்கிவிடுகிறோம்: அவளைத் தழுவுவது பிணத்தைத் தழுவுவது போல.

பரிமேலழகரைத் திறந்து பாருங்கள். பெண்ணெழுத்துக்காரிகள் சாய்ந்துகொள்ளத்தக்க உரைகாரர் அல்லர் அவர். ஆனாலும் இங்கே வேறு வழியில் போகிறார். கூலிக்குப் பிணம் எடுப்பவர்கள், முன்பின் அறியாத பிணத்தை இருட்டில் தழுவி எடுப்பதைப் போன்றது அவள் தழுவல் என்கிறார். உள்ளே அருவருப்பு, வெளியே அணைப்பு. அவர் உரையில் அவள் வேலை செய்கிறவள். அவள் கையில் கிடக்கும் பிணம், பணம் கொடுத்தவன். இதை அவர் அவளுக்காகப் பரிந்து எழுதவில்லை. அவனை எச்சரிக்கத்தான் எழுதுகிறார். இருந்தும் அருவருப்பு என்ற ஒன்று அவளுக்கும் உண்டு என்பதை ஏட்டில் வைத்துவிட்டார்.

"பொணம் மாதிரி கெடக்கா" என்று மனைவியைப் பற்றிக் கணவர்கள் சொல்வதை நம்மில் பலரும் கேட்டிருக்கிறோம், சிலர் நேரடியாகவே. பஞ்சாயத்து பேச வந்த பெரியவர்கள் முன்னால்கூட அது குற்றச்சாட்டாக வைக்கப்படுகிறது. பெரியவர்களும் அவளைத்தான் பார்க்கிறார்கள். அவளுக்குக் கூலியும் கிடையாது. இருட்டறையில் ஏதிலாராக இருந்தது யார் என்று அங்கே யாரும் கேட்டதில்லை.