வகுப்பின் அளவும் வாய்ப்பேச்சும்

வகுப்பில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பது பெரிய விஷயமன்று என்றும், போதனாமுறை செம்மையாக இருந்து, சுவரில் ஸ்மார்ட் போர்டும் அறையில் கம்ப்யூட்டர்களும் அமைந்துவிட்டால் அறுபது பேரும் ஒருங்கே ஆங்கிலம் பேசக் கற்றுவிடுவார்கள் என்றும் வாதிப்பது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. 2022 மார்ச்சில் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன்பயிற்சித் திட்டம் தொடங்கி, ஆங்கிலப் பயிற்சியும் உத்தியோகத் தகுதிகளுள் ஒன்றாகச் சேர்ந்தபின், திருவள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டி வரையுள்ள தொழிற்பிரதேசத்துப் பிள்ளைகளின் பொருட்டும் இவ்வாதம் எடுத்துரைக்கப்படுகிறது.

இதில் நியாயமே இல்லையென்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் டென்னசி மாகாணத்தில் 1985இல் தொடங்கிய பரிசோதனையில், 13 முதல் 17 குழந்தைகள் கொண்ட வகுப்புகள் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளைவிட வாசிப்பிலும் கணக்கிலும் மேம்பட்டன என்பது மெய்தான். எனினும், அறுபதை ஐம்பதாகக் குறைத்தால் அதே பலன் விளையும் என்று அதைக்கொண்டு சாதிக்க இயலாது. இலக்கண விதியை இருபது பேருக்குச் சொல்வதும் அறுபது பேருக்குச் சொல்வதும் ஒன்றே. திறமையற்ற உபாத்தியாயரிடம் பத்துப் பேரை ஒப்படைத்தாலும் பிரயோஜனமில்லை.

ஆனால் அந்நிய பாஷையில் பேசும் ஆற்றல், தானே வாய்திறந்து, தவறி, அந்தத் தவறு அந்த க்ஷணத்திலேயே திருத்தப்பெற்று, மறுபடியும் சொல்லிப் பார்க்கும் அப்பியாசத்தினாலன்றி எவருக்கும் வாய்ப்பதில்லை. பாலிடெக்னிக்கில் ஒரு பிரிவின் வழக்கமான சேர்க்கை 60 பேர். 45 நிமிஷ வகுப்பில் உபாத்தியாயர் மௌன விரதமே பூண்டாலும் ஒருவருக்குக் கிடைப்பது 45 விநாடி. அவர் பாதி நேரம் பேசினாரானால் அது இருபத்திரண்டாகச் சுருங்கும். ஸ்மார்ட் போர்டு அழகாகப் பேசும். மாணவன் பேசியதைக் கேட்டு, அவன் எங்கே தடுமாறினான், ஏன் தடுமாறினான் என்று அறிந்து சொல்லாது. அறுபது பேரும் கோஷமாகத் திருப்பிச் சொல்லும்போது பின்வரிசைப் பிள்ளை வெறுமனே உதட்டை அசைத்துக்கொண்டிருப்பதை எவர் கண்டார்?

தேர்வாய்க் கண்டிகையில் பிரெஞ்சு நிறுவனமான மிஷலினின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. பொன்னேரிக்கு அருகே ஜப்பானின் சுமிடோமோ நிறுவனம் பங்குகொண்டு அமைத்த தொழிற்பூங்கா இருக்கிறது. அத்தகைய இடங்களில் இயந்திரம் நின்றுவிட்டால், நான்கு விடைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கும்படி எவரும் கேட்பதில்லை. என்ன பழுது என்று வாய்விட்டுச் சொல்லும்படி கேட்கிறார்கள். பரீட்சையில் தேறிய பிள்ளை அங்கே ஊமையாகி நிற்கிறான்.

பெருவகுப்பின் வக்கீல்கள் சென்னையின் சரித்திரத்தையே சாட்சிக்கு அழைக்கலாம். 1789 முதல் எழும்பூர் ஆண் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்து, 1797இல் அதை லண்டனில் நூலாக வெளியிட, 'சென்னை முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அந்தச் சாட்சியோ அவர்களுக்கே பாதகமானது. ஏனெனில் பெல் கூட்டத்தைக் கூட்டமாக வைத்துக் கற்பிக்கவில்லை, அதைச் சிறு சிறு குழுக்களாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் செவிகொடுக்க ஒருவரை அமர்த்தினார். வங்காளத்தில் நெடுங்காலம் ஆங்கிலக் கல்வியை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்டும், கடினமான சூழ்நிலையில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி 1960இல் எழுதிய நூலில், முப்பது பேரைத் தாண்டிய வகுப்பை அச்சூழ்நிலையின் லக்ஷணங்களுள் ஒன்றாகவே வைத்தார்.

இந்த உண்மை நம் அதிகாரிகளுக்குத் தெரியாததன்று. ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவுக்கு ஓர் அலகில் இருபது பேரைத்தான் சேர்க்கிறார்கள். லேத்தில் கைவைக்காமல் எவனும் டர்னராகமுடியாதென்று அங்கே ஒப்புக்கொண்டவர்கள், நாவை அசைக்காமல் ஒருவன் ஆங்கிலம் பேசிவிடுவான் என்று எப்படி நம்புகிறார்கள்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை முப்பத்தைந்து பேருக்கு ஓர் ஆசிரியர் என்று விதித்ததோடு நின்றுவிட்டது. வேலைக்குப் போகும் வயதுப் பிள்ளைகளுக்கு அந்தக் காப்பும் இல்லை.

பேச்சுப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கேனும் பதினைந்து பேருக்கு மேல் கூடாதென்று அரசாங்கம் விதிக்க வேண்டும். அதற்கு வேண்டிய உபாத்தியாயர்களை நியமிக்கப் பணமில்லையென்றால், திரைகளுக்குச் செலவிடும் பணத்திலிருந்து அதை எடுக்கட்டும்.