தேசக் கவிதையும் 'நாம்' என்ற சொல்லும்

1961 ஜனவரி 20ஆம் நாள் கென்னடி பதவியேற்ற மேடையில் றொபேட் புறொஸ்ற் தம் தேசக் கவிதையொன்றை ஒப்புவித்தார். அதில் 'நாம்' என்போர் குடியேறியோரே; மண்ணின் பூர்வகுடிகளும் அடிமைகளாய்க் கொணரப்பட்ட கறுப்பின மக்களும் அங்கில்லை.

கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1936இல், லாங்ஸ்டன் ஹியூஸ் அவ்விடுபட்டோரின் குரலில் பாடினார். அமெரிக்கக் கனவை அவர் இகழவில்லை. அது தம்மவர்க்கு வாய்க்கவில்லை என்றே இடித்துரைத்தார். அத்தகைய கவிஞரையே 1953இல் மக்கார்த்தி குழு விசாரணைக்கு அழைத்தது.

நம் நாட்டில் சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோரை நாடற்றோராக்கியது. அவர்தம் உழைப்பையும் துயரையும் பாடினார் சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலை மக்கள் தேர்ந்தெடுத்த பாராளுமன்ற உறுப்பினர் அவர்.

ஆகவே, பனிச்சங்கேணி வகுப்பறையிலும் தேசக் கவிதையைக் கற்பிக்குந்தோறும் நாம் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு: இந்த 'நாம்' யாரை வெளியே நிறுத்துகிறது?