அறுவடை இல்லாத தறி

"அவனுக்குப் புத்தி இருந்தா ஏன் மேல மேல அட்வான்ஸ் வாங்குறான்?" காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தத்தோடு சேர்த்து நான் கேட்டு வளர்ந்த வாக்கியம் இது. முதலாளி சொன்னார், வட்டிக்கடைக்காரர் சொன்னார், கடைசியில் அப்பாவே தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொண்டார். அதிகாரம் தன் வேலையை முடித்துவிட்டது என்பதற்கு அந்த மூன்றாவது வாய்தான் அத்தாட்சி.

இந்த வாக்கியத்துக்கு எதிராக உளவியலிலிருந்து 2013இல் ஒரு சாட்சியம் வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். விடுபட்ட உருவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று; கவனம் சிதறாமல் இருப்பதை அளக்கும் சோதனை இன்னொன்று. காசு முடையான நாட்களில் தடுமாறிய அதே ஆள், காசு வந்த பிறகு தேறிவிட்டார். புத்தி குறைந்ததால் வறியவன் ஆகவில்லை. வறுமைதான் புத்தியின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். அப்பா இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

அதற்காக இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் முடியாது. கட்டுரையின் மறுபாதி நியூஜெர்சியின் ஒரு பேரங்காடியில் நடந்த சோதனைகள். ஆட்களை ஏழை, பணக்காரர் என்று இரண்டாக வெட்டிக் கணக்கிட்டதால்தான் அந்த முடிவு கிடைத்தது என்று விச்சர்ட்ஸும் ஷோல்டனும் அதே இதழில் மறுத்தார்கள். பற்றாக்குறை பற்றிய 20 ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்த்து 2021இல் வெளியான முயற்சியில் மிகச் சிலவே தேறின. அறிவியல் என்றதும் கைகட்டி நிற்கும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

என் சங்கடம் வேறு. அந்த ஆய்வு அறுவடை என்கிற ஒரு நாளின்மேல் நிற்கிறது. அந்த நாள்தான் முன், பின் என்று வாழ்க்கையைப் பிரிக்கிறது. நெசவாளிக்கு அந்தப் 'பின்' எங்கே? சேலை அறுக்கிற நாளும் அறுப்புதான். ஆனால் அன்றைக்கே முன்பணத்துக்குக் கூலியில் பிடித்துவிடுவார்கள். மிச்சம் போதாது, மறுபடி முன்பணம். மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க முடியாது, தறிக்குழியில் தண்ணி ஊறும். கடன் தீராமல் வேறு முதலாளியிடம் போகவும் முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. பட்டுத்தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் அறிக்கை வெளியிட்டபோது, காஞ்சிபுரமும் அதில் இருந்தது. கோர்வைச் சேலைக்கு எதிர்ப்பக்கம் கரைநாடா தள்ள இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அது பிள்ளையின் கை. எங்கள் வீட்டில் என் கை.

'பற்றாக்குறை' என்ற சொல் ஓர் இல்லாமையைப் பேசுகிறது. கடன் என்பதோ ஓர் உறவு. அதில் கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். ஆய்வின் சொல்லாடலில் அவன் மட்டும் காணாமல் போகிறான். வாங்கியவனின் மூளையை அளக்கிறார்கள், சரி. கொடுத்தவனின் கணக்கு நோட்டை யார் அளப்பது?

ஒடிசாவில் இலைத்தட்டு செய்யும் தொழிலாளரிடம் சுப்ரீத் கவுர், முல்லைநாதன் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு (அறிக்கை 2021இல்) எங்கள் தறிக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. பீஸ்ரேட் வேலை. ஏற்கெனவே உழைத்த கூலியில் ஒரு பகுதியைச் சிலருக்குச் சீக்கிரமே கொடுத்தார்கள். அது கடனல்ல என்பது முக்கியம். அவர்களில் ஏழ்மை மிகுந்தவர்கள் கூடுதலாகச் செய்தார்கள், தவறும் குறைந்தது. படித்தபோது அப்பா இழை தவறவிட்ட நாட்கள் ஞாபகம் வந்தன. தவறுக்குக் கூலிவெட்டு, வெட்டால் கவலை, கவலையில் அடுத்த தவறு. இதைத்தான் 'கவனம் பத்தாதவன்' என்று தெரு பேசியது.

ஆனால் அங்கேயும் மனநிம்மதி கடைசியில் தட்டுகளின் எண்ணிக்கையாகத்தான் அளக்கப்படுகிறது. கூடுதலாக ஒரு தட்டும் வராமல் போயிருந்தால் அந்தக் கூலியைச் சீக்கிரம் கொடுத்திருக்கக் கூடாதா? நிம்மதியாகத் தூங்குவது உற்பத்திக்கு உதவினாலும் உதவாவிட்டாலும் நெசவாளியின் உரிமை. இந்த இடத்தில் ஆய்வாளரும் முதலாளியும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: இதனால் வேலை எவ்வளவு கூடும்?

நெசவாளர்களுக்குச் சேமிப்புப் பழக்கமும் மனநலமும் சொல்லித்தர முகாம் போடுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உளவியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேலை அறுத்த அன்றே முழுக்கூலி, கடன் கணக்கின் நகல் நெசவாளி கையில் - இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். அதுக்கப்புறம் புத்தியைப் பற்றிப் பேசலாம்.