பயனர் எதிர்ப்பு என்னும் கருத்து: தகவல் முறைமைப் பராமரிப்பின் நோக்கில் ஒரு திறனாய்வு

புதிய தகவல் முறைமை ஒன்று நடைமுறைக்கு வரும்போது, அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் தயங்குவதும் தவிர்ப்பதும் மறுப்பதும் 'பயனர் எதிர்ப்பு' எனப்படும். பாடநூல்கள் பலவும் இதை ஒரு மனநிலைச் சிக்கலாகவே விளக்குகின்றன. பழக்கத்தை விட மனமில்லாமை, கணினி அச்சம், பயிற்சிக் குறைவு ஆகியவை காரணங்களாகக் காட்டப்படுகின்றன. எனவே தீர்வும் பயிற்சி, விழிப்புணர்வு என்ற அளவில் நின்றுவிடுகிறது. முறைமையின் பராமரிப்பு வேறொரு பாடமாகத் தனியே வைக்கப்படுகிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். எதிர்ப்பு எனப் பெயரிடப்படுவதில் ஒரு பகுதி, பராமரிப்பு இல்லாத முறைமையின் மீது மக்கள் கொள்ளும் நியாயமான அவநம்பிக்கை ஆகும்.

கோட்பாட்டுப் பின்னணி

லின் மார்க்கஸ் 1983-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் எதிர்ப்புக்கு மூன்று விளக்கங்களைப் பிரித்துக் காட்டினார். காரணம் மனிதரிடம் இருக்கலாம்; முறைமையின் குறைபாட்டில் இருக்கலாம்; அல்லது முறைமையும் அது நுழையும் இடத்தின் அதிகார உறவுகளும் மோதுவதில் இருக்கலாம். மூன்றாவது விளக்கமே வலுவானது என்பது அவர் முடிவு. பிரெட் டேவிஸ் 1989-இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, பயன் உண்டு என்ற எண்ணமும் கையாள எளிது என்ற எண்ணமுமே ஏற்பைத் தீர்மானிக்கின்றன என்றது.

இம்மாதிரியைப் பலர் அறிமுக நாளுக்கு மட்டும் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் மென்பொருள் வளர்ச்சி பற்றி 1974 முதல் எழுதிவந்த மேயர் லேமன், பயன்பாட்டில் உள்ள மென்பொருள் சூழலுக்கேற்ப மாற்றப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையேல் அதன் பயன் படிப்படியாகக் குறையும் என்றார். இவ்விரு கருத்துகளையும் சேர்த்துப் படித்தால் முடிவு தெளிவு. பராமரிப்பு நின்றால் பயன் குறையும். பயன் குறைந்தால் ஏற்பும் குறையும். முதல் நாளில் வரவேற்றவரே மூன்றாம் ஆண்டில் விலகிப்போவது இவ்வாறுதான்.

மேலூர் தரும் பாடம்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-இல் 'சாரி' என்னும் ஊரக இணையத் திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் வழியே கிராம மையங்களுக்கு இணைய இணைப்புத் தரப்பட்டது. பிறப்பு, இறப்புச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை போன்றவற்றுக்கு ஊரிலிருந்தே விண்ணப்பிக்க வழி ஏற்பட்டது.

இத்திட்டத்தை ஆராய்ந்து ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட கட்டுரை, மையம் இருந்த ஊர்களில் இச்சேவைகளைக் கேட்டு விண்ணப்பித்தோர் கூடியதைக் காட்டியது. கிராம மக்கள் கணினிக்கு அஞ்சி ஒதுங்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் அரசுச் சேவைகள் நிலைக்கவில்லை. ஆர்வத்தோடு முன்நின்ற தலைமையும் நிறுவன ஈடுபாடும் தொடராததே முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. மையங்களின் நிலைப்பைப் பற்றி அவர்கள் பின்னர் எழுதியபோதும், வருவாய்ப் பற்றாக்குறையோடு தொடர் ஆதரவின்மையையும் சுட்டினார்கள். பழுதானது பயனரின் மனம் அன்று. முறைமைக்குப் பின்னால் இருக்க வேண்டிய அலுவலக ஒழுங்கு.

திருப்புலி நாட்டிலிருந்து பார்த்தால்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊராட்சிகள் 'நாடு' என வழங்கப்படுகின்றன. திருப்புலி நாடு அவற்றுள் ஒன்று. மலையாளி என்னும் பழங்குடியினர் இங்குப் பெரும்பான்மையினர். பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருடையது; அவரது அலுவலகம் மலைக்குக் கீழே நாமக்கல்லில் உள்ளது. கல்லூரி இடமும் உதவித்தொகையும் அந்தச் சான்றிதழைப் பொறுத்தவை. 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போய்வரும் நாளையும் கூலியையும் மிச்சப்படுத்தும் இணையவழி முறையை விரும்ப, சமவெளி மக்களைவிட மலைமக்களுக்கே காரணம் அதிகம்.

அப்படியும் ஒருவர் நேரில் போவதையே தேர்ந்தால், அவரைப் 'பழைமைவாதி' என்பதற்கு முன் கேட்க வேண்டியவை உண்டு. சரிவுகள் மறைக்கும் இடத்தில் செல்பேசிச் சைகை எட்டுகிறதா? விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்பதை ஊரிலேயே யாரேனும் சொல்ல முடிகிறதா? கருவி பழுதானால் சீர்செய்பவர் அதே வளைவுகளை ஏறி வர எத்தனை நாள் ஆகும்?

நியாயவிலைக் கடையிலும் இதே கேள்விகள் எழுகின்றன. தமிழ்நாட்டில் 2017-இல் மின்னணுக் குடும்ப அட்டையும் 2020 அக்டோபரில் கைரேகைச் சரிபார்ப்பும் வந்தன. மண்வேலை செய்யும் கைகளிலும் முதியோரின் கைகளிலும் ரேகை தேய்ந்திருக்கும், கருவி ஏற்காது. இது பயிற்சியால் தீராத சிக்கல். ஆதார் இல்லை என்பதாலோ ரேகை பொருந்தவில்லை என்பதாலோ உரியவருக்குத் தானியம் மறுக்கக் கூடாது, அத்தகைய வழங்கலைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2017 அக்டோபரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அந்தப் பதிவேடும் முறைமையின் ஓர் உறுப்பே.

மறுப்புகளும் மதிப்பீடும்

எதிர்ப்பு முழுவதையும் பராமரிப்புக் குறையாகச் சுருக்குவதும் தவறாகும். வங்கிக் கணினிமயத்தை ஊழியர் சங்கங்கள் எதிர்த்தது வேலைவாய்ப்பு பற்றிய கவலையால். கருவி நன்றாக ஓடியிருந்தாலும் அக்கவலை நீங்கியிருக்காது. 1983-இல் நிர்வாகமும் சங்கங்களும் பேசி, வரம்புக்குட்பட்ட கணினிமயத்துக்கு உடன்பாடு கண்டபின்பே வழி திறந்தது. மார்க்கஸ் கூறிய அதிகார மோதலுக்கு இது பொருத்தமான சான்று. கையால் எழுதும் மாற்று வழி முறைகேட்டுக்கு இடம் தரும் என்ற மறுப்பிலும் உண்மை உண்டு. ஆனால் பதிவேட்டை மாதந்தோறும் தணிக்கை செய்தால் அதுவே, எந்தக் கடையில் கருவி அடிக்கடி தோற்கிறது என்று காட்டும் பராமரிப்பு ஆவணமாகிவிடும்.

எனவே எதிர்ப்பை அளக்கும் ஆய்வாளர் பயனரிடம் வினாத்தாள் நீட்டுவதற்கு முன், முறைமையிடம் மூன்றைச் சோதிக்க வேண்டும்: பழுதுபார்க்க ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்படுகிறதா, பழுதானால் பதில் சொல்ல உள்ளூரில் ஆள் உண்டா, கருவி தோற்ற நாளிலும் மக்களுக்கு உரியது கிடைக்கிறதா. மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை வந்தபின்னும் தயக்கம் எஞ்சினால், அதைப் பயனர் எதிர்ப்பு என்று அழைக்கலாம். அதற்கு முன் அப்பெயரைச் சூட்டுவது, அலுவலகத்தின் பிழையை வரிசையில் நிற்பவர் மீது சுமத்துவதாகும்.