கயிற்றின் மறுமுனை

மலையேற்றப் படங்களை நான் பார்ப்பது பெரும்பாலும் இரவில், வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு. சின்னத் திரையில் மலை சுருங்கித்தான் போகிறது. ஆனால் ஏறுகிறவரின் மூச்சு காதுக்குள்ளேயே கேட்கிறது, பிடித்த இடத்தை நிறுத்தித் திரும்ப ஓட்டியும் பார்க்கலாம். அப்படி ஓட்டிப் பார்த்த ஒரு ராத்திரிதான் இந்தக் கேள்வி மனதில் விழுந்தது: இதைப் படம்பிடித்தவர் எங்கே நின்றுகொண்டிருந்தார்?

1924-இல் ஜான் நோயல் எடுத்த ‘தி எபிக் ஆஃப் எவரெஸ்ட்’ மௌனப்படம். மலோரியும் இர்வினும் மேலே போய்த் திரும்பாத பயணம் அது. நோயல் வெகுதூரத்தில் நின்று நீண்ட லென்ஸ் வழியே பார்க்கிறார். பனிச்சரிவில் எறும்புபோலச் சில புள்ளிகள் நகர்கின்றன. கடைசியில் தேடப் போனவர்கள் போர்வைகளைச் சிலுவை வடிவில் பனிமேல் விரித்து, ஆள் அகப்படவில்லை என்று கீழே தெரிவிக்கிறார்கள். நூறாண்டு கழித்தும் அந்தப் போர்வைகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அதே படம் திபெத்தியரைக் காட்டிய விதமும், லண்டன் திரையிடலில் லாமாக்களை மேடையேற்றி ஆடவைத்ததும் லாசாவில் இருந்த திபெத்திய அரசைப் புண்படுத்தின. அனுமதி கிடைக்காமல், அடுத்த எவரெஸ்ட் பயணம் 1933-இல்தான் நடந்தது.

கெவின் மெக்டொனால்டின் ‘டச்சிங் த வாய்ட்’ (2003) வேறு வகை. 1985-இல் பெருவின் சியுலா கிராண்டேயில் ஜோ சிம்ப்சனின் கால் முறிகிறது. கயிற்றின் மறுமுனையில் இருந்த சைமன் யேட்ஸ், தானும் இழுபட்டு விழப்போகும் நிலையில், கயிற்றை அறுக்கிறார். அன்று அங்கே கேமரா இல்லை, நடிகர்களை வைத்து எடுத்த காட்சிகள்தான். இருந்தும் இருவரும் நேரே நம்மைப் பார்த்துப் பேசும்போது எதையும் சந்தேகிக்கத் தோன்றுவதில்லை. தவழ்ந்து திரும்பும் வழியில், சாகும் தறுவாயில், தனக்குப் பிடிக்காத போனி எம் பாட்டு ஒன்று மண்டைக்குள் ஓயாமல் ஓடியதை சிம்ப்சன் சொல்லும் இடம் எந்த நடிப்பாலும் வராதது.

‘ஃப்ரீ சோலோ’ (2018) ஆஸ்கர் வாங்கிய படம். 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் கயிறே இல்லாமல் எல் கேப்பிடான் பாறையில், ஏறக்குறைய 3,000 அடியை 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். என் மனதில் தங்கியவர் கீழே நின்ற ஒளிப்பதிவாளர். நண்பன் விழுந்தால் அதையும் கேமரா பதிவு செய்துவிடும் என்று தெரிந்து, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மிகக் கடினமான இடத்தில் ஆளில்லாத கேமராக்களைப் பொருத்தியிருந்தார்கள், பக்கத்தில் ஆள் இருந்தால் ஹானல்டின் கவனம் சிதறுமே என்று.

‘14 பீக்ஸ்’ (2021) நேபாளிகளையே நடுவில் நிறுத்துகிறது, அதற்காக மகிழ்ந்தேன். ஆனால் ஓட்டம்தான் அதிகம், ஒரு மலையிலும் கால் ஊன்றி நிற்க விடுவதில்லை.

இவை எல்லாவற்றிலும் நான் திரும்பத் திரும்பப் போவது ஜெனிஃபர் பீடமின் ‘ஷெர்பா’வுக்கு (2015). எவரெஸ்டில் 21 முறை ஏறிய ஃபுர்பா தாஷியின் 22-ஆவது ஏற்றத்தைப் படமாக்கத்தான் படக்குழுவினர் போனார்கள். போக வேண்டாம் என்று மனைவிக்கு மனசு அடித்துக்கொள்கிறது. 2014 ஏப்ரல் 18 விடியலில் கும்பு பனியருவியில் பனிப்பாளம் சரிந்து 16 பேர் இறந்தார்கள். மேல்முகாம்களுக்குச் சுமை தூக்கிக்கொண்டு, ஏற வந்தவர்களைவிடப் பல மடங்கு தடவை அந்த வழியைக் கடக்கிறவர்கள் ஷெர்பாக்களே. அரசு முதலில் அறிவித்த உதவித்தொகை குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் ஏற மறுக்கிறார்கள். பணம் கட்டி வந்த ஒருவர், அவர்களுடைய ‘உடைமையாளர்’களிடம் பேசக்கூடாதா என்ற பொருளில் கேட்கிறார். கேமரா அசையாமல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து சற்று நடந்தேன்.

படத்தில் முன்பு ஒரு காட்சியில் ஷெர்பாக்கள் விடிகாலைக் குளிரில் கூடாரம் கூடாரமாகப் போய், சூடான தேநீரை உள்ளே நீட்டுகிறார்கள். வாங்கும் கைகள் மட்டும் வெளியே வருகின்றன. ஃபுர்பா தாஷியின் கணக்கு 21-லேயே நின்றுவிட்டது.