வீட்டுக்குள் வரும் காடு

நூல்களையும் நாடகங்களையும் திரைப்படங்களையும் திறனாய்வு செய்வது இலக்கிய இதழ்களின் மரபு. காட்டு விலங்குகளை நேரலையில் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், துயருற்றோருக்கு ஆறுதல் தருவதாகச் சொல்லப்படும் எதுவும், அது பாட்டாயினும் படமாயினும், ஆராய்ந்து பார்க்கத் தக்கதே. எத்தகைய ஆறுதல் அது, எவ்வளவு தூரம் நம்மை அழைத்துச் செல்லும், எங்கே நின்றுவிடும் என்று கேட்பது நம் கடமை.

தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி ‘சபி சாண்ட்’ என்னும் தனியார் வனக்காப்பகம் உள்ளது. ‘வைல்டு எர்த்’ என்னும் நிறுவனம் பல ஆண்டுகளாக அங்கிருந்து கானுலாக்களை நேரலையாக உலகெங்கும் அனுப்பிவந்துள்ளது. திறந்த வண்டியில் வழிகாட்டி ஒருவரும் ஒளிப்பதிவாளர் ஒருவரும் காலையிலும் மாலையிலும் புறப்படுகின்றனர். வீட்டிலிருந்து பார்ப்பவர் கேள்வி அனுப்பினால், வழிகாட்டி வண்டியில் இருந்தபடியே விடை கூறுகிறார். அந்நாட்டு நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணி பின்தங்கியது. எனவே அங்கே பொழுது சாயும் வேளை, இங்கே தூத்துக்குடியில் குடும்பச் செபமாலை முடிந்து இரவு உணவுக்கு அமரும் வேளையாகிறது.

நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது இத்தகைய காட்சிகள் ஓடும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளைகள் கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, வீட்டோடு முடங்கிய பெற்றோரே அங்கு மிகுதி. ஆங்கில வருணனை அவர்களுக்கு முழுதும் புரிவதில்லை. ஆனாலும் பார்க்கிறார்கள். “யானை தண்ணி குடிக்கறத பாத்துக்கிட்டு இருந்தா மனசு ஆறுது சாமி” என்று ஒரு தாய் சொன்னார். அவர் கணவரை இழந்து ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. இச்சொல்லை முதியவரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

கேபிள் இணைப்பு வந்த நாள் முதலே வனவிலங்குப் படங்கள் நம் வீடுகளில் ஓடிவருகின்றன. ஆனால் அவை வேறு வகை. பல மாதங்கள் எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, ஒரு மணி நேரத்துக்குள் பிறப்பு, வேட்டை, இறப்பு அனைத்தையும் அடக்கிவிடுவார்கள். எந்த நொடியில் நாம் அஞ்ச வேண்டும், எந்த நொடியில் அழ வேண்டும் என்பதை முரசொலி முன்கூட்டியே சொல்லிவிடும். நேரலையிலோ பெரும்பாலான நேரம் ஒன்றும் நடப்பதில்லை. காற்றில் புல் அசைகிறது. எங்கோ ஒரு பறவை கூவுகிறது. சிறுத்தையின் தடம் தெரிகிறது, சிறுத்தை தெரிவதில்லை. பார்ப்பவரும் வழிகாட்டியும் சேர்ந்தே காத்திருக்கின்றனர். நாளையும் காத்திருக்கலாம் என்ற நம்பிக்கையோடு அன்றைய உலா முடிந்துவிடுகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். 2004-இல் பிறந்த ‘கருலா’ என்னும் பெண் சிறுத்தையை இந்நேரலையின் நேயர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அவள் ஈன்ற குட்டிகளைத் தம் உறவுப் பிள்ளைகளைப் போல் பெயர் சொல்லி அழைத்தார்கள். 2017-இல் அவள் காணாமற் போனாள். அதன்பின் எவர் கண்ணிலும் படவில்லை. படமாக எடுத்திருந்தால் அவளுக்கு ஒரு முடிவை எழுதியிருப்பார்கள். நேரலைக்கு அவ்வுரிமை இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காகக் கரையில் காத்திருந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. முடிவு தெரியாத துயரம் எத்தகையது என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அத்துயரத்தைப் பொய்யான முடிவால் மூடாத நேர்மையே இந்த ஒளிபரப்பின் முதற்சிறப்பு என்போம்.

அடுத்து, விலங்கைப் பார்ப்பதால் மனிதத் துயர் ஏன் தணிய வேண்டும் என்ற வினா எழுகிறது. விவிலியத்தில் யோபு நூல் இதற்கு வழிகாட்டுகிறது. பிள்ளைகளையும் உடைமையையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கும் யோபுவிடம் நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் வாய் திறவாமல் உடனிருந்தது வரை அவர்கள் நல்ல நண்பர்களே. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகே அவர்கள் யோபுவுக்குச் சுமையானார்கள். இறுதியில் ஆண்டவர் பேசுகிறார். யோபு கேட்ட கேள்விக்கு விடை அங்கே இல்லை. 38, 39-ஆம் அதிகாரங்களில் அவர் காட்டுவது சிங்கம், காகம், வரையாடு, காட்டுக் கழுதை, தீக்கோழி, கழுகு ஆகியவற்றை. மனிதனுக்கு ஏவல் செய்யாத, மனிதன் உணவிட்டு வளர்க்காத உயிர்கள் அவற்றுள் மிகுதி. அவற்றையும் ஒருவர் பேணுகிறார் என்று காண்கையில், தன் துயரம் குறையாவிட்டாலும், அத்துயரமே உலகம் முழுதும் அல்ல என்று யோபு உணர்கிறார். யானை தண்ணீர் குடிப்பதைப் பார்த்து மனம் ஆறிய அந்தத் தாயும் அறியாமலே இந்நூலின் அருகில் வந்துவிட்டார் என்றே கருதுகிறோம்.

இவ்வளவு பாராட்டியபின் குறைகளையும் சொல்லியாக வேண்டும்.

முதற்குறை, அந்தக் காட்டில் மனிதர் இல்லை. வண்டியில் இருப்பவர்களைத் தவிர வேறெவரும் கண்ணில் படுவதில்லை. படைப்பின் ஏழாம் நாளைப் போல் எல்லாம் அமைதியாயிருக்கிறது. ஆனால் க்ரூகர் பூங்காவின் வடகோடியில் வாழ்ந்த மகுலேகே மக்கள் 1969-இல் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள். நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின், 1998-இல், அந்நிலம் அவர்களுக்கே மீண்டது. அதனை அவர்கள் உழுது அழித்துவிடவில்லை. தங்கள் உடைமையாகவே காடாகப் பேணத் தீர்மானித்தார்கள். இந்த வரலாறு தெரியாதவருக்கு, மனிதர் இல்லாத காடே தூய காடு என்ற எண்ணம் படிந்துவிடும்.

நம் கரைக்கு இது தொலைதூரக் கதை அன்று. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் மன்னார் வளைகுடாக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளப் பாறைகளைக் காப்பது கட்டாயத் தேவை. பாறைகளை வெட்டி எடுத்ததன் விளைவாகத் தீவுகள் கரைந்ததையும், அவற்றுள் இரண்டு கடலுக்குள் மூழ்கியதையும் நாம் அறிவோம். ஆயினும், தலைமுறை தலைமுறையாக அத்தீவுகளில் ஒதுங்கிய மீனவருக்கும், இராமநாதபுரக் கரையில் மூழ்கிப் பாசி எடுத்த பெண்களுக்கும் அவை எட்டாதவையாயின. மண்ணின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒருங்கே கேட்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிசு ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில் 2015-இல் கற்பித்தார். முதற்குரலை மட்டும் கேட்கவைப்பது திரையின் இயல்பு.

இரண்டாம் குறை இதனினும் ஆழமானது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒருவர் மூழ்குவார், மற்றொருவர் தோணியில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பார். மைத்துனனே கயிறு பிடிப்பான் என்பது நம் கரையில் வழிவழியாகச் சொல்லப்படுவது. 1961-உடன் அரசு நடத்திய முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. கயிறு பிடித்தவர் கடலடியில் எதையும் கண்டதில்லை. ஆனால் கீழிருந்து ஒரு சிறு இழுப்பு வந்தால் போதும், அவர் உடல் முழுதும் விழித்துக்கொள்ளும். நேரலை பார்ப்பவருக்கு எல்லாம் தெரிகிறது, கையில் கயிறு மட்டும் இல்லை. கழுதைப்புலி சிறுத்தைக் குட்டியைக் கவ்வினால் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வழிகாட்டியும் தலையிடுவதில்லை, அதுவே அங்கு முறை. கண்ணீர் வருகிறது, கடமை வருவதில்லை.

2016 சனவரியில் நடந்ததை நினைவுகூர்வோம். திருச்செந்தூர், மணப்பாடு கரையோரத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கின. 1973-லும் அதே பகுதியில் அவ்வாறு ஒதுங்கியதுண்டு. அன்று நம் மீனவர் கரையில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. இடுப்பளவு நீரில் இறங்கித் தள்ளினார்கள், படகுகளைக் கொண்டு ஆழத்துக்கு இழுத்துச் சென்றார்கள். விட்டுவந்தவற்றுள் சில மீண்டும் கரைக்கே திரும்பின. நாற்பதுக்கும் மேற்பட்டவை மடிந்தன. உழைத்துக் களைத்த அந்த மனிதருக்கு எந்த நிகழ்ச்சியும் ஆறுதல் அளித்திருக்க முடியாது. ஆயினும் படைப்போடு அவர்கள் கொண்டிருந்த உறவு, கயிறு பிடித்தவனின் உறவு.

2020-இல் கோவில்கள் மூடப்பட்டபோது திருப்பலியையே நேரலையில் கண்டோம். அது வெறும் நிழல் என்று எவரும் சொல்லவில்லை, அந்நாள்களில் அது நம்மைத் தாங்கியது. எனினும் திருச்சபை அத்துடன் மனநிறைவு கொள்ளவில்லை. கதவு திறந்ததும் பலிபீடத்தைச் சுற்றி மீண்டும் கூடுமாறு நம்மை அழைத்தது. திரை பசியைத் தூண்டலாம், விருந்தாக முடியாது என்பதை அப்போதே கற்றோம்.

காட்டின் நேரலைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். நோயிலும் தனிமையிலும் படுத்திருப்பவர் அதைக் கண்டு மனம் ஆறட்டும். அவர்களுக்கு அது இறைவனின் கொடையே. எழுந்து நடக்க இயன்ற நாம் அங்கே நின்றுவிடக் கூடாது. மாலையில் அரைமணி கடற்கரைக்குச் செல்வோம். வலையில் சிக்கிய ஆமையை அறுத்துவிட்டு வந்தவரிடம், கிழிந்த வலைக்கு என்ன செலவானது என்று கேட்போம். முடிந்தால் அந்த முதியவரையும் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். யானையைக் காட்ட நம்மால் இயலாது. அலையைக் காட்டலாம், அருகில் அமரலாம்.