படுக்கையைக் கழற்றி வைக்கிற வான்

வீட்டில் நிற்கும் ஹையேஸை முழுநேரக் கேம்பர் வானாக மாற்றுவதா, இல்லை பின்னால் ஒரு கட்டிலைப் போட்டு வேண்டாத நாளில் கழற்றி வைப்பதா? வெளிநாட்டு உறவுகள் விடுமுறைக்கு வந்து போனபின் யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. இரண்டு விதத்தையும் ஓட்டி, இரண்டிலும் படுத்துப் பார்த்தேன். ஒன்று, அலுமாரி, சிங்க், பிறிட்ஜ், அசையாத படுக்கை எல்லாம் பூட்டிய வாடகைக் கேடிஎச் ஹையேஸ். மற்றது நண்பர் ஒருவரின் பழைய டொல்பின் ஹையேஸ். பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டு, இரும்புச் சட்டத்தில் மூன்று துண்டு ஒட்டுப்பலகை. பலகை முழுவதும் சேர்ந்து 16, 17 கிலோ வரும். ஒருவரே தூக்கி விறாந்தையில் சாத்திவிடலாம்.

ஜப்பானின் சிறு சரக்கு வாகன வகுப்பு 1.7 மீற்றர் அகலத்தைத் தாண்டக் கூடாது என்பதால், சாதாரண கேடிஎச் 1695 மில்லிமீற்றரில் நிற்கிறது. உள்ளே ஐந்தடிதான் தேறும். குறுக்கே படுத்தால் வளர்ந்தவர் காலை மடக்க வேண்டும். நெடுக்கே படுத்தாலோ, மூன்று மீற்றர் தளத்தில் இரண்டைப் படுக்கை எடுத்துக்கொள்ளும். மிச்ச ஒரு மீற்றரில்தான் சமையலறை. இந்த ஒடுக்கமே எங்கள் ஒழுங்கைகளில் கைகொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பக்கக் கண்ணாடியை அலுமாரி மறைத்திருக்க, வேலிக்கும் மதிலுக்கும் இடையில் கேடிஎச்சைப் பின்னால் எடுப்பது பெரும்பாடு. ஆள் இறங்கி நின்று கை காட்டத்தான் வேண்டும்.

மணற்காட்டில் இராத்தங்கியபோது வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. இரண்டு வானிலும் எஞ்சின் முன் சீற்றுக்கு அடியில். நிறுத்தி வெகுநேரமாகியும் அந்தச் சூடு உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். டொல்பினில் முன் சீற்றுகளுக்குப் பின்னால் ஒரு தடித்த சீலையைத் தொங்கவிட்டு, இடப்பக்கக் கதவையும் பின் கதவையும் திறந்து, நுளம்பு வலையை மாட்டினோம். சோளகம் வீசும் மாதங்களில் வானின் முகப்பை வடமேற்கே திருப்பி நிறுத்தினால் அந்த இடக்கதவு நேரே காற்றுக்குத் திறக்கும். கேடிஎச்சிலும் அதேபோல நிறுத்தினோம்; வந்த காற்றை அலுமாரி வாங்கிக்கொண்டது. அதன் 100 அம்பியர்-மணி லிதியம் பற்றறி சிறிய பிறிட்ஜையும் மின்விசிறியையும் ஓரிரவு தாராளமாகத் தாங்கும். ஏசிக்கு அது காணாது. எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். புகையில் வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

சமையலறை பார்க்க அழகு. ஆனால் இந்த வெக்கையில் மூடிய வானுக்குள் யார் மீன் பொரிப்பது? மேலே திறக்கிற பின் கதவின் கீழ், 2.3 கிலோ காஸ் சிலிண்டரை வெளியே வைத்துச் சமைப்பதுதான் இரண்டிலும் நடந்தது. கையடக்க மலசலகூடம் வயதானவர்களுக்கு உண்மையிலேயே உதவி. அதை எங்கே கொட்டுவது? குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்குவது. வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த அந்தக் கல் அழுக்கை வடிகட்டாது. கண்ட பற்றைக்குள் கொட்டினால் யாரோ ஒருவரின் கிணற்றுக்குத்தான் போகும். வீட்டுக்குக் கொண்டுவந்து, சொந்த மலசலகூடத்தில் ஊற்றினோம்.

அப்படிக் கொண்டுவரவும் முடிகிறது, ஏனென்றால் இங்கே எல்லாம் கிட்ட. யாழ் நகரிலிருந்து பருத்தித்துறை முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றர். காரைநகர் கசூரினாவில் பொழுதுபட்டாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேரலாம். குடாநாட்டுக்குள் ஓட மட்டும் படுக்கை வான் வாங்குகிறவர் வருடத்தில் பெரும்பகுதி அதைக் கொட்டிலில் நிறுத்திக் கழுவிக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் டொல்பின் கலியாண வீட்டுக்கு ஆள் ஏற்றும், சுன்னாகம் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோகும், கட்டுநாயக்காவுக்கு ஓடும். ஆவணியில் மடுத் திருவிழாவோ, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலோ வந்தால் பலகை மூன்றும் மறுபடி உள்ளே ஏறும்.

ஆகவே என் தெரிவு டொல்பின். கதிர்காமம் வரை ஆறுதலாகப் போய்ச் சில வாரம் ஊர் சுற்ற நினைப்பவருக்குக் கேடிஎச் சுகமானதுதான், அதை வாடகைக்கு எடுக்கலாம். வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. நல்ல வானுக்கு இருக்கிற விலையில், அதை வாங்கி உள்ளே ஆணியடிக்க மனம் வராது. கூரையை வெட்டினாலோ சீற்று எண்ணிக்கையை நிரந்தரமாக மாற்றினாலோ மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும், காப்புறுதிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும்.

பழைய டொல்பின் பார்க்கப் போனால் எஞ்சினைப் பிறகு பாருங்கள். அதைத் திருத்த எங்கள் கராச்சுகளில் ஆளும் சாமானும் உண்டு. முதலில் குனிந்து, இழுவைக் கதவின் கீழ்த் தண்டவாளத்தையும் சக்கர வளைவின் உட்பக்கத்தையும் விரலால் தட்டிப் பாருங்கள். தீவகத்தில் ஓடிய வான் என்றால் பண்ணைப் பாலத்து உப்புக் காற்று அங்கேதான் கறளாக இருக்கும், மேலே எவ்வளவு புதுப் பெயின்ற் அடித்திருந்தாலும்.